ரெக்கார்டு பண்ணி வைத்த படமெல்லாம் எங்கே?

டிவியில் வரும் படத்தை ரெக்கார்டு பண்ணி வைக்க எந்தப் பெட்டி நம்பகமானது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஊரில் வயதான அப்பா அம்மாவை விட்டு வந்தவர்கள். அல்லது என்னைப் போல அவர்களையும் கூட்டிக்கொண்டு வெளி மாநிலத்தில் குடித்தனம் நடத்துபவர்கள். "அதெல்லாம் யூட்யூபில் இருக்குமே" என்று சொல்லும் கூட்டத்துக்கு இந்தக் கேள்வியே விளங்காது. அவர்களுக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.

என் பதில் கொஞ்சம் கோணலாகத் தெரியலாம். விலை கூடின பெட்டியைத்தான் நம்பக் கூடாது. எங்கள் வீட்டில் 1991-ல் பதிவு செய்த கேசட் இன்னும் படம் காட்டுகிறது. கோடு விழும், சத்தம் இழுக்கும், ஆனால் காட்டுகிறது. 2011 முதல் 2019 வரை ஹார்டு டிஸ்க் வைத்த டிடிஎச் பெட்டியில் பதிவு செய்த நூற்றுச் சொச்சம் படங்களில் இன்று ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் பெட்டிதான் துல்லியம். டெக்தான் தகராறு.

டெக் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். விசிஆர்தான். எங்கள் நாகப்பட்டினத்தில் யாரும் அதை விசிஆர் என்று சொல்லிக் கேட்டதில்லை. "டெக் எடுக்கிறது" என்றால் தெருவில் நாலு வீடு சேர்ந்து காசு போட்டு, ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிவதற்குள் மூன்று படம் பார்த்துவிடுவது. அப்படி வாடகைக்கு வந்தவற்றில் பல வெறும் விசிபி. ஓட்டத் தெரியும், பதியத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு 1989-ல் சிங்கப்பூரிலிருந்து பெரிய மாமா கொண்டு வந்தது இரண்டும் செய்யும். அதனால் அதற்குத் தனி மரியாதை. மேலே பூப்போட்ட துணி, பக்கத்தில் ஸ்டெபிலைசர், சின்னப் பிள்ளைகள் தொடக் கூடாது.

அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கணக்கு வைக்காமல் எதையும் செய்ய மாட்டார். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு எண், ஒரு நீள நோட்டில் அதற்கு ஒரு வரி. தேதி, படம், எத்தனை நிமிடம், எங்கே விட்டுப்போனது. கேசட் இ-180, அதாவது மூன்று மணி நேரம். நம் படம் இரண்டே முக்கால் மணி ஓடும், விளம்பரத்தோடு சேர்த்தால் மூன்றைத் தாண்டிவிடும். ஆகவே விளம்பரம் வரும்போதெல்லாம் அப்பா பாஸ் பட்டனை அமுக்கிப் பிடித்துவிட்டு, படம் வந்ததும் விடுவார். எங்கள் கேசட்டுகளில் ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் முதல் வசனத்தின் பாதி இருக்காது. இன்றைக்கும் அந்தப் படங்களை முழுசாக எங்காவது பார்க்கும்போது, கேட்டிராத அந்த அரை வசனம் எனக்குப் புதுசாக இருக்கும் :-)

டெக்கை நம்பலாமா என்றால், நம்ப முடியாது என்றுதான் சொல்வேன். உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் உருளை, நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். அதில்தான் ஹெட். அரை அங்குல அகல நாடா அதன்மேல் சாய்வாகச் சுற்றிக்கொண்டு, நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் என்று ஊர்ந்து போகும். இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டின் மேல் உப்புக்காற்றும் தூசியும் படிந்தால் என்ன ஆகும்? படம் முழுக்கப் புள்ளி. கடைத்தெரு மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றி, காகிதத்தை ஸ்பிரிட்டில் நனைத்து உருளையில் ஒட்டிப் பிடித்து, கையாலேயே மெல்லச் சுற்றுவார். காகிதம் கிடைக்காத நாளில் புது இரண்டு ரூபாய் நோட்டு. ரிசர்வ் வங்கிக்குத் தெரிந்தால் மனம் நொந்திருக்கும். பெல்ட் தளரும், ரப்பர் சக்கரம் வழவழப்பாகும், சில சமயம் நாடாவை வாய்க்குள் இழுத்து மென்று துப்பும். இதெல்லாம் போக, கடலோர ஊரில் கேசட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டைப் போட்டால் ஹெட்டும் கெட்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும்.

டைமர் வேறு. நாளை மதியம் இத்தனை மணிக்குப் பதிவு செய் என்று டெக்குக்குச் சொல்லி வைக்கலாம். இரவு ஒரு கரண்ட் கட், காலையில் கடிகாரம் 0:00 என்று கண் சிமிட்டும், போட்டு வைத்த டைமரும் போச்சு. கரண்ட் நின்றாலும் தூர்தர்ஷன் நிற்காது, தூர்தர்ஷன் சொன்ன நேரத்துக்கு வந்தாலும் கிரிக்கெட் விடாது. டைமரை நம்பினவன் கெட்டான் என்பது அப்பா கட்சி. பதிவு நடக்கும் மூன்று மணி நேரமும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க நேரமில்லாதவனுக்காகத்தான் பதிவு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கேசட்டின் முதுகில் ஓர் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதுவும் பதியாது. உடைத்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியும். ஒரு பைசா செலவில்லாத இந்தப் பூட்டைவிட நல்ல பூட்டை அதற்குப் பிறகு எந்த இன்ஜினியரும் கண்டுபிடிக்கவில்லை என்பேன். பூட்டும் நம் கையில், சாவியும் நம் கையில். எதிர் வீட்டில் அந்தப் பல்லை உடைக்காமல் விட்டதால்தான் 1996 மார்ச்சில் ஈடன் கார்டன் அரையிறுதி அவர்கள் மகள் கல்யாணக் கேசட்டின் மேல் ஏறியது. தாலி கட்டும் இடத்தில் ஜனங்கள் பாட்டிலை வீசுவார்கள். அந்த மேட்ச்சையும் நாம் ஜெயிக்கவில்லை.

இவ்வளவு குறை சொன்னாலும், டெக் காலத்துக் கோளாறுகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. எல்லாமே மெக்கானிக் கோளாறு. ஹெட் போனால் ஹெட் மாற்றலாம். டெக்கே போனால் பக்கத்து வீட்டு டெக்கில் போடலாம். போபாலில் ரயில்வேயில் இருந்த சித்தப்பா வீட்டில் நிலைமை இன்னும் ஒரு படி மேல். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம், மொழி மொழியாக முறை வைத்து வரும். அகர வரிசையில் அஸ்ஸாமியில் தொடங்கித் தமிழ் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அந்த ஒரு படத்தைச் சித்தப்பா பதிவு செய்து, அது காலனியில் இருந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் சுற்றிவிட்டு, கோடை லீவில் எங்கள் ஊருக்கு வரும். போபாலில் வேறு கம்பெனி டெக்கில் பதிந்ததை எங்கள் டெக் மறுபேச்சில்லாமல் ஓட்டும். எங்கே பதிந்தாய், யார் பெயரில் பதிந்தாய், இந்த மாதச் சந்தா கட்டினாயா என்று கேட்கத் தெரியாத ஜடம்.

நடுவில் டிவிடி ரெக்கார்டர் என்று ஒன்று வந்துபோனது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிந்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்யாவிட்டால் வேறு பிளேயரில் ஓடாது என்பது பலருக்குத் தெரியாது. மலிவான தட்டுகள் சில வருடத்திலேயே படிக்க முடியாமல் போயின. எங்கள் வீட்டில் 1991 கேசட் இருக்கிறது, 2006 தட்டு இல்லை.

2008 வாக்கில் பதிவு வசதியுள்ள டிடிஎச் பெட்டிகள் இந்தியாவுக்கு வந்தன. நான் 2011-ல் புனேயில் இருந்தபோது ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அசந்துபோனேன் என்பதை மறைக்க மாட்டேன். சிவப்பு பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். ஒரு சேனல் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். ஒளிபரப்பில் வரும் அதே டிஜிட்டல் தரம், புள்ளி கிடையாது. கரண்ட் போய் வந்தால் நேரத்தைச் செயற்கைக்கோளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். அப்பா மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்த வேலையை, நாங்கள் ஆபீஸில் இருக்கும்போதே செய்து முடித்துவிடும். நல்ல நாடாவைத் தேடி அலைய வேண்டாம், பூஞ்சைக்குப் பயப்பட வேண்டாம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அம்மா போனபின் 2015-ல் அப்பா எங்களோடு லக்னோ வந்தார். ஹிந்தி தெரியாது. கீழே இறங்கினால் பேச ஆளில்லை. இரண்டு வாரத்தில் அந்தச் சிவப்பு பட்டனைக் கற்றுக்கொண்டார். பழைய நீள நோட்டின் தொடர்ச்சியாக ஒரு புது நோட்டு போட்டார். எண், தேதி, படம். காலையில் பேப்பருக்குப் பதில் சேனல் அட்டவணையைப் பார்த்து, இன்றைக்கு எதைப் பதிவது என்று முடிவு செய்வார். 'சபாபதி'யை மட்டும் மாதம் ஒரு தரம் போட்டுப் பார்ப்பார். 1941-ல் வந்த படம், அவரைவிட வயசானது. டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் லக்னோவில் எங்கள் ஹாலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

2019 மே மாதம், லக்னோ வெயில், வோல்டேஜ் ஏற்ற இறக்கம். பெட்டி ஒரு மதியம் அணைந்து, பிறகு எழுந்திருக்கவில்லை. இதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. இந்தப் பெட்டிகளில் ஓடும் நிகழ்ச்சியை நிறுத்திப் பின்னால் போய்ப் பார்க்கும் வசதி உண்டல்லவா, அதற்காக நாம் பதிவு போடாவிட்டாலும் டிஸ்க் எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும். வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்க்குக்கு இவ்வளவு உழைப்பு கிடையாது. அதைக் காற்றோட்டமில்லாத ஷோகேஸில் வைத்து, மேலே பொம்மையும் வைக்கிறோம். எட்டு வருடம் உழைத்ததே பெரிய விஷயம்.

கஸ்டமர் கேர் பையன் மிக மரியாதையாகப் பேசினான். "புதுப் பெட்டி இலவசமாகவே தருகிறோம் சார், பழையதைக் கொடுத்துவிடுங்கள்." அதில் படங்கள் இருக்கின்றனவே என்றேன். "புதுப் பெட்டியில் மறுபடி பதிந்துகொள்ளலாம் சார்." டிஸ்க்கை மட்டுமாவது கழற்றித் தர முடியுமா? முடியாது, அது கம்பெனி சொத்து. நான் விடாமல் உள்ளூர் டெக்னீஷியனிடம் கேட்டேன். அவர்தான் உண்மையைச் சொன்னார். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், போனது போர்டாக இருக்கலாம். ஆனால் டிஸ்க்கை எடுத்து கம்ப்யூட்டரில் மாட்டினால், இது காலி டிஸ்க், ஃபார்மட் செய்யட்டுமா என்றுதான் கேட்கும். அதே கம்பெனியின் அதே மாடல் இன்னொரு பெட்டியில் மாட்டினாலும் படம் வராது. பதிவு பூட்டிய நிலையில்தான் டிஸ்க்கில் ஏறுகிறது. பூட்டைத் திறக்கும் சாவி அந்த ஒரு பெட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. பெட்டி செத்தால் சாவியும் உடன்கட்டை ஏறிவிடும்.

இதற்கு முன்பே ஓர் அறிகுறி இருந்தது. ஒருமுறை ரீசார்ஜ் தாமதமானபோது, நேரடி சேனல்களோடு பதிந்து வைத்த படங்களும் ஓட மறுத்தன. காசு கட்டியிருந்த நாளில், காசு கட்டிய சேனலில் பதிந்த படம் அது.

இதை ஒரு வங்கிக்காரனாக யோசித்துப் பார்க்கிறேன். லெட்ஜர் காலத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறினோம், பிறகு கிளை கம்ப்யூட்டரிலிருந்து கோர் பேங்கிங்குக்கு மாறினோம். ஒவ்வொரு மாற்றத்திலும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழைய இருப்பு பைசா சுத்தமாகப் புதிய இடத்துக்கு வந்ததா என்று டாலி பார்த்தபின்தான் பழையதை மூடினோம். "உங்கள் பாஸ்புக் கிழிந்துவிட்டது, புதிது இலவசம், இருப்பு மட்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்" என்று கவுண்டரில் சொல்லிப் பார்க்கட்டும். கிளைக்குக் கண்ணாடி மிஞ்சுமா? டிவிப் பெட்டி விஷயத்தில் மட்டும் இதே பேச்சை நாம் நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம். புதுப் பெட்டி வந்தது. அப்பாவின் நோட்டில் நூற்றுச் சொச்சம் வரிகள் இருந்தன, பெட்டியில் ஒன்றும் இல்லை. அவர் நோட்டை மூடி வைத்துவிட்டார். அதன் பிறகு சிவப்பு பட்டனைத் தொடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நான் வக்கீல் இல்லை, பி.காம். ஆனால் பிரிவுகளை வாசிப்பது எங்கள் தொழிலில் பழக்கம். 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் பதிவு செய்துகொண்டால் அது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது. அமெரிக்காவில் இதே கேள்வி 1984-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சோனியின் பீட்டாமேக்ஸ் இயந்திரத்தின் மேல் சினிமாக் கம்பெனிகள் போட்ட வழக்கு. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது தவறில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. ஒரு நீதிபதி மனம் மாறியிருந்தால் கதையே வேறு.

ஆக, பதிவு செய்ய உரிமை உண்டு. ஆனால் உரிமையை அனுபவிக்க விடும் இயந்திரத்தைச் செய்து தர வேண்டும் என்று யார்மேலும் கடமை கிடையாது. இங்கேதான் நம்மை மடக்கிவிட்டார்கள். 2012-ல் வந்த திருத்தத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு. காப்புரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் வேறு. சட்டம் தடுக்காத காரியத்துக்காக என்றால் விலக்கும் அதிலேயே இருக்கிறது. காகிதத்தில் நியாயம்தான். ஆனால் எந்தக் குமாஸ்தாவின் மகன் ஹார்டு டிஸ்க் பூட்டை உடைத்துவிட்டு, விலக்குப் பிரிவைக் காட்டி வாதாடப் போகிறான்?

வெளியே எடுக்கும் வழிகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2012 அக்டோபர் முடிவில் தொடங்கிப் பெருநகரங்களிலும் பிறகு மற்ற ஊர்களிலும் கேபிள் டிஜிட்டல் ஆனது. டெக்கில் நேராகக் கேபிளைச் செருகிப் பதிந்த காலம் அதோடு முடிந்தது. பெட்டியின் எச்டிஎம்ஐ வழியாக வருவதைப் பிடிக்கலாம் என்றால் அதிலும் பூட்டு, கறுப்புத் திரைதான் கிடைக்கும். மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் இருக்கும் பழைய பெட்டியில் மட்டும் ஏதோ கொஞ்சம் வழி உண்டு. டிவியிலேயே பென் டிரைவ் செருகிப் பதியும் வசதி சில மாடல்களில் இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலும் அது டிவியின் சொந்த ட்யூனரில் வருவதைத்தான் பதியும், பதிந்ததை அந்த டிவியே ஓட்டும். டிவியின் போர்டை மாற்றினால் கதை முடிந்தது. அதே கதை, பெட்டி மட்டும் வேறு.

இனி யூட்யூப் கூட்டத்துக்கு. 'சபாபதி' இணையத்தில் கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நிறைய பழைய படம் கிடைக்கிறது, ஏற்றி வைத்தவர்களுக்குப் புண்ணியம். ஆனால் இருக்கிறது என்பதும் இருக்கும் என்பதும் ஒன்றில்லை. இன்று இருக்கும் இணைப்பு நாளை உரிமைத் தகராறில் போகும். ஓடிடியில் ஒப்பந்தம் முடிந்தால் படம் ராவோடு ராவாகக் காணாமல் போகும். அங்கே 'டவுன்லோடு' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்களே, அதுவும் நாள் கணக்கில் காலாவதியாகும் டவுன்லோடு. அப்பாவின் நோட்டில் இரண்டு மூன்று படங்கள் உண்டு, அவை நான் தேடின வரை எங்கும் இல்லை. பெயர் சொன்னால் உங்களுக்கும் தெரியாது. நடித்தவர்கள் வீட்டில் இருக்குமோ என்னவோ.

வீட்டில் யாரோ ஒருவர் பதிந்ததுதான் மிஞ்சியது என்பதற்கு உலகத்தில் பெரிய உதாரணங்களே உண்டு. பிபிசி தன் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதில், 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களின் அத்தியாயங்கள் தொண்ணூற்றுக்கு மேல் காணாமல் போயின. படம் போனாலும் அவற்றின் ஒலி முழுவதும் இருக்கிறது. காரணம், டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற நூலகர், 1970களின் கடைசியிலிருந்து 2012 டிசம்பரில் இறக்கும் வரை, வீட்டில் டெக்குகளை வரிசையாக வைத்து டிவிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். ஏறத்தாழ 70,000 கேசட். உயிரோடிருந்தபோது கிறுக்கு என்றார்கள். இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றை வாங்கி வைத்திருக்கிறது. அந்த அம்மையாரிடம் நம் டிடிஎச் பெட்டி இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் பக்கம் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது, இன்று ஒரு பிரதி கிடையாது. அப்போது வீட்டில் பதிய வழியில்லை. இப்போது வழியிருந்தும் பூட்டு.

செட்டாப் பெட்டிகள் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்படி இருக்க வேண்டும் என்று 2020-ல் டிராய் அரசுக்குப் பரிந்துரை செய்தது. கம்பெனி மாறினால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்பதற்காக. நல்லது. பெட்டியை மாற்றும்போது அதில் இருக்கும் பதிவும் கூடவே வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சந்தாதாரர் பெயருக்குப் பூட்டிக்கொள்ளட்டும், பெட்டியின் பெயருக்குப் பூட்ட வேண்டாம். ஊரெல்லாம் பிரதி எடுத்து விற்றுவிடுவார்கள் என்ற அவர்கள் பயமும் இதில் அடிபட்டுப் போகும்.

அது வரும்போது வரட்டும். இப்போது நாக்பூரில் நாங்கள் செய்வது வேறு. வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்று ஆரம்பித்ததுதான். மாதச் சந்தா இல்லை. பெரும்பாலான சேனல்கள் பூட்டில்லாமலேயே வருகின்றன. கடையில் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கும் சாதாரண ஃப்ரீ டு ஏர் பெட்டியில் யுஎஸ்பி துளை இருக்கிறது, ரெக்கார்டு பட்டனும் இருக்கிறது. அதில் பதிவது வெறும் ஃபைல். கழற்றி கம்ப்யூட்டரில் போட்டால் ஓடுகிறது, என் பையன் போனில் ஓடுகிறது, போபாலில் சித்தப்பா மகன் வீட்டிலும் ஓடுகிறது. பதினைந்தாயிரம் ரூபாய் டிவிக்கு இல்லாத அடக்கம் இந்த ஆயிரம் ரூபாய் பெட்டிக்கு இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. எச்டி எதிர்பார்க்காதீர்கள். தமிழுக்கு டிடி தமிழ் உண்டு, 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்தது. தனியார் சேனல்களில் வரும் கொண்டாட்டமெல்லாம் இதில் கிடைக்காது. அட்டவணை நம்பும்படி இருக்காது, முன்னும் பின்னும் பத்து நிமிடம் கூட்டிப் போட வேண்டும். நொடிக்கு 3 மெகாபிட் என்று வைத்தால் இரண்டரை மணிப் படம் 3.4 ஜிபி வரும். பழைய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஆகவே நீளப் படம் இரண்டு துண்டாக விழும், பயப்பட வேண்டாம். மலிவான பென் டிரைவ் வேகம் போதாமல் படத்தைத் திக்கித் திணற வைக்கும். நடுவில் கரண்ட் போனால் அதுவரை பதிந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும். இது ஒரு பெரிய சமாதானம்.

என்ன பெட்டி வாங்கினாலும் சரி, கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். எதிரே ஐந்து நிமிடம் பதியச் சொல்லி, அந்தப் பென் டிரைவைக் கழற்றி, அவர் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஜிபி, எத்தனை சேனல் ஒரே நேரத்தில், போனிலிருந்து பதியலாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த ஐந்து நிமிடம் ஓடவில்லை என்றால் மற்றது எதுவும் வேண்டாம். ஓடினால், வீட்டுக்குப் போய் எதையும் இரண்டு பிரதியாக, இரண்டு இடத்தில் வையுங்கள். ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் சாகும்.

அப்பாவுக்கு இப்போது 82. ஃப்ரீ டிஷ் பெட்டியைக் கண்டுகொள்ளவில்லை ஒரு வருடம். போன தீபாவளிக்கு நான் பழைய நீள நோட்டையும் 43 கேசட்டையும் ஊரிலிருந்து கொண்டுவந்து, ஒவ்வொன்றாக கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்ததும் கிட்டே வந்து உட்கார்ந்தார். மூன்று மணிக் கேசட்டுக்கு மூன்று மணி நேரமே ஆகும், குறுக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. நாற்காலியை அதே மாதிரி எதிரே போட்டுக்கொண்டு, ஏறி முடிந்ததை நோட்டில் டிக் அடிக்கிறார். இதுவரை 11 ஏறியிருக்கிறது. நாலு கேசட்டில் பூஞ்சை, அவற்றைத் தனியே வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல். விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஃபுனாயும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. எங்கள் டெக்கின் லோடிங் பெல்ட் தொய்ந்து, கேசட்டை உள்ளே வாங்க நாலு தடவை யோசிக்கிறது. சீதாபுல்டி கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். நாக்பூரிலோ வார்தாவிலோ பழைய டெக் வேலை தெரிந்த மெக்கானிக் யாராவது இன்னும் இருந்தால் சொல்லுங்கள். பூஞ்சைக் கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவராக இருந்தால் ஊரிலேயே இருந்தாலும் பரவாயில்லை, ஜனவரியில் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.